எண்ணிம ஒலிப்பணிநிலையம்

எண்ணிம ஒலிப்பணிநிலையம் என்பது ஒலியைப் பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும், பல தடங்களைக் கலந்து ஒரு பாடலாகவோ திரைப்படத்தின் ஒலித்தடமாகவோ ஆக்கவும் பயன்படும் கணினி ஏற்பாடு. தொடக்கத்தில் இப்பெயர் தனி வன்பொருளும் தனி மென்பொருளும் சேர்ந்து ஓர் அறையையே அடைத்துக்கொண்ட இயந்திரத்தைக் குறித்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளையே பெரும்பாலும் குறிக்கிறது. இசைத்துறையினர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டா’ என்பார்கள். பேச்சில் அதைவிட புரோ டூல்ஸ், லாஜிக், கியூபேஸ், எஃப்எல், ஏபிள்டன் என அவரவர் கையாளும் மென்பொருளின் பெயர்தான் புழங்கும். திரைப்பாடல், பின்னணி இசை, டப்பிங், விளம்பரம், ஒலிநூல், பாட்காஸ்ட் எல்லாம் இன்று இதன் வழியாகவே வெளியே வருகின்றன.

இதன் வரலாற்றை ஒலித்தரம் படிப்படியாக உயர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. 1970களின் நல்ல நாடாப் பதிவுகள் இன்றும் காதுக்குக் குறை வைப்பதில்லை. பெரிதாக மாறியது, பதிவுக்கூடத்தில் எடுத்த ஒரு முடிவைப் பின்னால் மாற்றிக்கொள்ள ஆகும் செலவு. நாடாக் காலத்தில் அது மிக அதிகம். சில சமயம் மாற்றவே முடியாது. ஐம்பது ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. கூடங்கள் சிறுத்ததும், வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்ததும், படுக்கையறையில் உருவான பாடல் விருது வாங்கியதும் அதைத் தொடர்ந்து வந்தவை.

நாடாவும் பிளேடும்

காந்த நாடாப் பதிவு 1930களில் ஜெர்மனியில் முதிர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போனது. கிதார் கலைஞர் லெஸ் பால் 1957ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து எட்டுத் தட இயந்திரம் ஒன்றைப் பெற்றார். ஒரே நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்களை அடுக்கும் பழக்கம் அதன்பின் மெல்லப் பரவியது. 1970களில் இரண்டு அங்குல அகல நாடாவில் 24 தடம் என்பது பெரிய கூடங்களின் வழக்கமாயிற்று. 2,500 அடி நீளச் சுருள் விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் பதினாறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாடாவின் விலை அதிகம் என்பதால் எத்தனை டேக் எடுப்பது என்பது கலைக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை; தயாரிப்பாளரின் கணக்குக் கேள்வியாகவும் இருந்தது.

திருத்துவதற்கு நாடாவில் மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சாய்வான பள்ளம் வைத்த கட்டையில் வைத்து, பிளேடால் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும். 24 தட நாடாவை வெட்டினால் 24 தடமும் வெட்டுப்படும். பாடகரின் ஒரு சொல்லை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. பிசிறிய சொல்லின்மேல் மீண்டும் பாடிப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். புதியது அதைவிட மோசமாக அமைந்தால் வருந்தலாம், அவ்வளவுதான். தடம் போதாமல் போகும்போது நான்கைந்து தடங்களைக் கலந்து ஒன்றாக்கி இடம் பிடிப்பார்கள். அப்படிக் கலந்த கணத்தில் அவற்றின் ஏற்ற இறக்கம் நிரந்தரமாகிவிடும். பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு ஆல்பமான ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ நான்கு தட இயந்திரங்களில் இப்படித்தான் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது.

ஒலி எண்ணாகிறது

ஒலியலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக எழுதும் முறையை 1937ல் உருவாக்கியவர் ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். அவர் யோசித்தது தொலைபேசிக்காக. இசை பின்னால்தான் வந்தது. 1957ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ், ஐபிஎம் 704 கணினியில் ‘மியூசிக்’ என்ற நிரலை எழுதினார். அவருடைய சகா நியூமன் கட்மன் அமைத்த 17 விநாடி மெட்டு ஒன்றை அது இசைத்தது. மேத்யூஸின் கணினி ஒலியைத் தானே உருவாக்கியது. மனிதர் வாசித்ததைப் பதிவு செய்யவில்லை. பதிவுப் பக்கத்தில் முந்திக்கொண்டது ஜப்பான். 1960களில் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் சோதனைக் கருவிகளைச் செய்தது. 1972ல் டெனான் நிறுவனம் வீடியோ நாடாவில் எண்களைப் பதியும் எட்டுத் தட இயந்திரத்தைக் கொண்டு இசைத்தட்டுகளே வெளியிட்டது.

பதிவு எண்ணாக மாறியபின்னும் நாடா நாடாவாகவே இருந்தது. எண்களைக் கணினிக்குள் இறக்கி அங்கேயே வெட்டலாம் என்று வணிக அளவில் காட்டியவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். பழைய இசைத்தட்டுகளில் பதிவான இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரலைக் கணினியால் தூய்மைப்படுத்தியவர் அவர். வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்ஸன் நாடாவிலிருந்து காணாமல் போன பதினெட்டரை நிமிடங்களை ஆராய்ந்த வல்லுநர் குழுவிலும் இருந்தார். அழிந்துபோன ஒலியோடு இவ்வளவு மல்லுக்கட்டிய ஒருவரே அழிக்காமல் திருத்தும் கருவியின் தொடக்கத்தில் நிற்கிறார். 1975ல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் அவர் சவுண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சாண்டா ஃபே இசைநாடக அரங்கின் நிகழ்ச்சி ஒன்றை அதன் கருவி பதிவு செய்தது. சில ஆண்டுகளில், பதிந்ததை பிடிபி-11 வகைக் கணினியின் வட்டில் ஏற்றி, அலைவடிவத்தைத் திரையில் பார்த்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து வெட்டி ஒட்டும் சேவையையும் அந்நிறுவனம் தந்தது. வெட்டிய இரு முனைகளும் ஒன்றில் ஒன்று கரைந்து சேருமாறு கணினியே கணக்கிட்டது. சுட்டி இல்லை, சன்னல்கள் இல்லை. ஆனாலும் இன்றைய மென்பொருளின் கரு அங்கே இருக்கிறது.

குறுந்தகட்டில் விநாடிக்கு எடுக்கும் அளவுகளின் எண்ணிக்கையான 44,100க்கு இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க விநாடிக்கு அதைவிட இரு மடங்குக்குச் சற்று மேல் அளவெடுக்க வேண்டும். ஆனால் வட்டமாக 42,000 என்றோ 45,000 என்றோ வைக்காமல் ஏன் இந்த எண்? அக்காலத்தில் அவ்வளவு எண்களைக் கொள்ளக்கூடிய மலிவான சாதனம் வீடியோ நாடா மட்டுமே. சோனியின் கருவிகள் ஒரு வீடியோ வரிக்கு மூன்று அளவுகளை வைத்தன. ஒரு புலத்துக்குப் பயன்படும் 245 வரி, விநாடிக்கு 60 புலம் என்று பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம் என்று பெருக்கினாலும் அதே எண். 1982ல் குறுந்தகடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. வீடியோ நாடா மறைந்துவிட்டது; பாடல் திட்டத்தை இன்று புதிதாகத் திறக்கும் இளைஞர் முன்னும் மென்பொருள் அந்த எண்ணை நீட்டுகிறது.

விலையுயர்ந்த இயந்திரங்கள்

1980களின் முதற்பாதியில் வந்தவை பணம் படைத்தவர்களுக்கானவை. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979ல் வெளியிட்ட ஃபேர்லைட், வெளியுலக ஒலியைச் சிறு துண்டாகப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்க வைத்தது. அமெரிக்காவின் சின்க்ளேவியர் பின்னாளில் நேரடி வட்டுப் பதிவையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் ஏஎம்எஸ் ஆடியோஃபைல் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குள் போனது. லூகாஸ்ஃபில்மில் ஆண்டி மூரர் திரைப்பட ஒலிக்கென வடிவமைத்த சவுண்ட்ட்ராய்ட் சந்தைக்கே வரவில்லை. அதற்கு அடிப்படையாக இருந்த அவருடைய ஒலிக்கணிப்பு இயந்திரத்தில் பிறந்த ஒன்று மட்டும் உலகம் முழுக்கக் கேட்டது: டிஎச்எக்ஸ் சின்னத்தோடு திரையரங்கை அதிரவைக்கும் அந்த எழும் ஒலி, 1983ல்.

ஹாம்பர்க் கிளை

இதே சமயத்தில் வேறொரு கிளை ஓடியது. அதற்கு ஒலியோடு தொடர்பே இல்லை. சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி முறை 1983ல் பொதுவில் காட்டப்பட்டது. எந்த விசை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற செய்தியை மட்டும் கருவிகளுக்கிடையே கடத்தும் மொழி அது. ஒலியே இல்லாததால் தரவு மிகச் சிறியது. ஒரு முழுப் பாடலின் வாசிப்பைச் சில ஆயிரம் பைட்டுகளில் அடக்கிவிடலாம். குறுந்தகடு தர ஸ்டீரியோ ஒலிக்கோ நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் ஆகும். அன்றைய வீட்டுக் கணினியால் பின்னதைக் கனவுகூடக் காண முடியாது; முன்னது எளிது.

ஆகவே ‘பதிந்தபின் மாற்றலாம்’ என்ற வசதி முதலில் மலிவாகக் கிடைத்தது கீபோர்டு வாசிப்பவர்களுக்கு. கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மான்ஃப்ரெட் ரூருப்பும் 1984ல் ஹாம்பர்கில் தொடங்கிய நிறுவனம் கொமடோர் 64 கணினிக்கு 16 தட நிரலைச் செய்தது. 1985ல் வந்த அட்டாரி எஸ்டி கணினி மிடி துளைகளோடே வந்ததால் ஐரோப்பிய இசைக்கூடங்களின் செல்லப்பிள்ளை ஆனது. அதே ஊர்ப் பக்கத்திலேயே சி-லேப் என்ற போட்டியாளர்கள் கிரியேட்டர், நோட்டேட்டர் நிரல்களை விற்றார்கள். அந்தக் குழு பின்னர் இமேஜிக் நிறுவனமாகி, 1993ல் லாஜிக்கை உருவாக்கியது.

1989ல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட கியூபேஸ், திரைக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. காலம் இடமிருந்து வலமாக ஓடும். வாத்தியங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வாசிப்பும் ஒரு பட்டையாகத் தெரியும். அதைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேறிடத்தில் போடலாம். இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் இந்தக் காட்சிதான். பாடலைக் காதால் நினைவில் வைத்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்து அடுக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். பல்லவியை நகலெடுத்து ஒட்டுவது இவ்வளவு எளிதான பின் மூன்றாம் பல்லவி முதற்பல்லவியைப் போலவே இருப்பதில் வியப்பில்லை.

வெட்டாமல் வெட்டுவது

ஒலியையும் மிடியையும் ஒரே திரையில் சேர்த்தது கலிஃபோர்னியாவின் ஓப்கோட் நிறுவனம், 1990ல், ஸ்டுடியோ விஷன் என்ற பெயரில். துறையை ஆண்டதோ அதன் அண்டைவீட்டார். பீட்டர் கோட்சரும் எவன் புரூக்ஸும் 1984 வாக்கில் டிரம் இயந்திரங்களுக்கான ஒலிச் சில்லுகளை விற்கத் தொடங்கியவர்கள். அந்த ஒலிகளைத் திருத்த மெக்கின்டாஷ் கணினியில் தங்களுக்கென எழுதிய நிரலே 1985ல் சவுண்ட் டிசைனர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1989ல் வன்பொருள் அட்டையோடு இரண்டு தடத்தைப் பதியும் சவுண்ட் டூல்ஸ் வந்தது. 1991ல் நான்கு தடம் கொண்ட புரோ டூல்ஸ் ஏறத்தாழ 6,000 டாலருக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் டிஜிடிசைன். 1995ல் அது, படத்தொகுப்புக் கணினிகளுக்குப் பேர்போன ஆவிட் நிறுவனத்தோடு சேர்ந்தது.

நாலு தடத்துக்கு ஆறாயிரம் டாலர் என்பது அன்று பெரிய கூடங்களை அசைக்கவில்லை. அடுத்த ஆண்டே சந்தைக்கு வந்த அலீசிஸ் ஏடாட், எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டுத் தடத்தை அதைவிட மலிவாகப் பதிந்து சிறு கூடங்களை அள்ளிக்கொண்டது. இருந்தும் வென்றது வட்டுதான். காரணம் திருத்தும் முறை. தையற்காரர் துணியில் கத்தரி வைக்காமல் சுண்ணாம்புக் கோட்டை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துப் போடுவது போன்றது அது. பதிவான கோப்பு வட்டில் அப்படியே கிடக்கும். திரையில் தெரியும் துண்டு உண்மையில் ஒரு குறிப்பு மட்டுமே: இந்தக் கோப்பின் இந்த அளவிலிருந்து அந்த அளவு வரை, பாடலின் இந்த நேரத்தில் ஒலிக்கட்டும். வெட்டினாலும் நகர்த்தினாலும் மாறுவது குறிப்பு, ஒலி தொடப்படுவதில்லை. ஒரே டேக்கிலிருந்து இருபது விதமான வடிவங்களைச் செய்து வைத்துக்கொண்டு நாளைக்கு முடிவெடுக்கலாம். பாடகர் பத்து முறை பாடினால் பத்தும் பத்திரம். மூன்றாவதிலிருந்து ஒரு வரி, ஏழாவதிலிருந்து ஒரு சொல், ஒன்பதாவதிலிருந்து ஒரு மூச்சு என்று பொறுக்கி ஒரு பாட்டை ஒட்டலாம். யாரும் ஒருபோதும் முழுதாகப் பாடாத பாட்டு அது. கேட்பவருக்கு அது தெரிவதில்லை.

1999ல் ரிக்கி மார்ட்டினின் ‘லிவின் லா வீடா லோகா’ முழுக்க புரோ டூல்ஸுக்குள்ளேயே பதிவாகி, திருத்தப்பட்டு, கலக்கப்பட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது தயக்கங்கள் தளர்ந்தன. சில ஆண்டுகளில் திரைத்துறையின் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் அம்மென்பொருளுக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. பெரிய கூடங்கள் ஒவ்வொன்றாக நாடா இயந்திரத்தை மூலைக்குத் தள்ளின.

செருகுநிரல்கள்

புரோ டூல்ஸின் பலம் தனி ஒலிக்கணிப்பு அட்டைகளில் இருந்தது; அதன் விலையும் அங்கேதான் இருந்தது. ஸ்டைன்பெர்க் 1996ல் வேறு பந்தயம் கட்டியது. எதிரொலி, சமனாக்கி, அமுக்கி போன்றவற்றைக் கணினியின் மையச் செயலியே கணக்கிடட்டும் என்று விஎஸ்டி என்ற முறையை வெளியிட்டு, அதற்கான செருகுநிரல்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் அதில் வாத்தியங்களும் வந்து சேர்ந்தன. ஒரு சுவரையே அடைத்த பெட்டிகள் ஒரு பட்டியலுக்குள் அடங்கின. கேரேஜில் உட்கார்ந்து தனியொருவர் எழுதிய செருகுநிரலும் பெரிய நிறுவனத்தின் சரக்கும் அந்தப் பட்டியலில் அருகருகே நின்றன. என் கணிப்பில், புரோ டூல்ஸைவிடப் பரந்த விளைவு இந்த முடிவுக்குத்தான்.

இதற்குத் துணையாக வந்த ஏஸியோ இயக்கி ஒரு நடைமுறைத் தொல்லையைத் தீர்த்தது. கணினி ஒலியைச் சிறு பொட்டலங்களாகவே கையாளும். பொட்டலம் பெரிதானால் கணினிக்குச் சுகம். ஆனால் விசையைத் தட்டியபின் ஒலி தாமதமாக வரும். 48,000 வீதத்தில் 256 அளவுகள் கொண்ட பொட்டலத்துக்கு ஐந்து மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கியிலிருந்து ஒலி காதுக்கு வரவே ஒன்பது மில்லி விநாடி பிடிக்கும் என்பதால், இந்த அளவு தாமதத்தை வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார். ஐம்பது, நூறு என்று போனால் தாளம் கையை விட்டு நழுவும்.

செருகுநிரல்களில் பொதுமக்கள் பெயர் சொல்லி அறிந்த ஒன்று ஆட்டோ-ட்யூன். எண்ணெய் வளம் தேடும் நிலநடுக்கத் தரவுகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதே கணிதத்தைக் குரலின் சுருதிக்குப் பொருத்தி 1997ல் வெளியிட்டார். சுருதி விலகலைக் காதில் படாமல் சரிசெய்வதே நோக்கம். மறு ஆண்டே ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் அதை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக முடுக்கி, குரல் படிக்கட்டில் தாவுவதுபோல் ஆக்கினார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் தயாரிப்பாளர்கள் முதலில் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லி மழுப்பினார்கள். மூனிக்கின் பீட்டர் நொய்பெக்கர் செய்த மெலோடைன், குரலை ஸ்வரத் துளிகளாகக் காட்டி ஒவ்வொன்றையும் தனியே நகர்த்த விட்டது.

சுழல்கள், கட்டங்கள், படுக்கையறைகள்

எல்லாரும் நாடாவின் நகலைத் திரையில் விரும்பவில்லை. பெல்ஜியத்தில் டிடியே டாம்ப்ரான் 1997ல் எழுதிய ஃப்ரூட்டிலூப்ஸ், டிரம் இயந்திரத்தின் பதினாறு கட்டங்களை வைத்துத் தொடங்கியது. 2003ல் எஃப்எல் ஸ்டுடியோ என்று பெயர் மாறியது. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும் புதிய பதிப்புகள் இலவசம் என்ற அதன் கொள்கையும், வாங்காமலே புழங்கிய திருட்டுப் பிரதிகளும் உலகெங்கும் பதின்ம வயதினரிடம் அதைக் கொண்டு சேர்த்தன. பெர்லினில் கெர்ஹார்ட் பேலஸும் சகாக்களும் 2001ல் வெளியிட்ட ஏபிள்டன் லைவ், காலக்கோட்டை ஒதுக்கிவைத்து, சுழலும் துண்டுகளைக் கட்டங்களில் அடுக்கி மேடையிலேயே வாசிக்கும் கருவியானது. பாடலுக்குத் தொடக்கமும் முடிவும் முன்பே தீர்மானமாக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே போயிற்று.

விலை சரிந்தது தனிக் கதை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பெர்கும் தொடங்கிய ஆடாசிட்டி 2000ல் இலவசமாக வந்தது. பால் டேவிஸின் ஆர்டர், லினக்ஸ் உலகுக்குத் திறமூல ஒலிப்பணிநிலையத்தைத் தந்தது. வினாம்ப் எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் 2005 இறுதியில் ரீப்பரைக் கொண்டுவந்தார். அது சில மெகாபைட்டில் இறங்கும். தனியாருக்கான உரிமம் அறுபது டாலர். ஆப்பிள் 2002ல் இமேஜிக்கை வாங்கி லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அதனால் கைவிடப்பட்ட பயனர்களின் கோபம் பல ஆண்டு அடங்கவில்லை. 2004ல் அதே தொழில்நுட்பத்தின் எளிய வடிவமான கேரேஜ்பேண்டை தன் கணினிகளோடு சேர்த்துக் கொடுத்தது. 2007ல் ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ பாட்டில் கேட்கும் டிரம், அந்த இலவச மென்பொருளோடு வந்த சுழல்தான். லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டு அறையில் பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் லாஜிக்கில் உருவாக்கிய ஆல்பம் 2020ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.

கோடம்பாக்கத்தில்

சென்னைத் திரையிசை நீண்ட காலம் கூட்டுப் பதிவாக இருந்தது. ஏவிஎம், பிரசாத் போன்ற ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வரிசையும் தபலாக்காரரும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட, ஒருவர் பிசகினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒத்திகை அதனால் கண்டிப்பானது. இசைக்குறிப்புகள் பதிவுக்கு முன்பே முழுதாக எழுதப்பட்டிருக்கும். முடிவுகள் தியேட்டருக்குள் நுழையும் முன்பே எடுக்கப்பட்டவை. இளையராஜாவின் புகழ்பெற்ற கைப்பிரதி ஸ்கோர்கள் இந்தச் சூழலின் விளைச்சல். அவரே 1986ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி சீக்வென்சரையும் கொண்டுவந்தார்.

ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டு வளாகத்தில் அமைத்த பஞ்சதன் கூடம் வரிசையையே திருப்பிப் போட்டது. 1992ன் ‘ரோஜா’வுக்குப் பின் தமிழ் இசையமைப்பாளர்களின் வேலைமுறை அதைப் பார்த்தே மாறியது. பாடகர்கள் தனித்தனியே, பெரும்பாலும் இரவில் வருவார்கள். ஒரு வரியைப் பல விதமாகப் பாடிவிட்டுப் போவார்கள். எது பாட்டில் இருக்கும் என்பது அதன்பின் இசையமைப்பாளர் உட்கார்ந்து பொறுக்கும்போதுதான் தெரியும். தாங்கள் பாடிய பாட்டு எப்படி உருவானது என்பதை வெளியான அன்றுதான் கேட்டதாகப் பாடகர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ரஹ்மான் நெடுங்காலமாக லாஜிக்கில் வேலை செய்பவர். 2008ல் அவர் சென்னையில் தொடங்கிய கேஎம் இசைக் கல்லூரியில் ஒலித் தொழில்நுட்பமும் பாடமாக இருக்கிறது.

புதிய முறை புரோகிராமர் என்ற தொழிலை உருவாக்கியது. இசையமைப்பாளர் முணுமுணுக்கும் மெட்டுக்குத் தாளக்கட்டும் ஒலிநிறமும் அமைத்துத் தருபவர் அவர். மறுபக்கம், முன்பு நாள்தோறும் தியேட்டரில் வாசித்த தந்தி வாத்தியக் கலைஞர்கள் பலருக்கு வேலை அருகிப்போனது. நாற்பது வயலினுக்குப் பதில் மென்பொருள் வயலின் போதும் என்று தயாரிப்பாளர் நினைத்தார். அது போதவில்லை என்று காது சொல்லும் படங்களில் அதன்மேல் ஐந்தாறு பேரின் உண்மை வாசிப்பை ஏற்றி மெருகூட்டுவது இடைவழியாயிற்று. ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசைச் சேர்ப்பிலும் நிலை மாறியது. படத்தொகுப்பு முடிந்து ரீல் கைக்கு வந்தபின் தொடங்கிய வேலை, இப்போது படம் வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்போது நடக்கிறது. கடைசி வாரத்தில் ஒரு காட்சி ஆறு விநாடி குறைந்தால் இசையை அதற்கேற்ப இழுத்துப் பொருத்துவது ஒலிப்பொறியாளரின் ராத்திரி வேலை.

கமகமும் கட்டமும்

ஐரோப்பிய இசையின் பழக்கங்கள் இம்மென்பொருட்களின் எலும்பில் இருக்கின்றன. புதுத் திட்டம் திறந்தால் நான்கு நான்கு தாளம். ஸ்வரங்களைக் காட்டும் பியானோ சுருளில் ஒரு ஸ்தாயியைச் சமமாகப் பிரித்த பன்னிரண்டு படி. தாளத்தை ஏழாக மாற்றி மிஸ்ரசாபு போடுவதில் சிரமமில்லை. ஆலாபனையும் விருத்தமும் கிளிக் இல்லாமல் பாடப்பட்டு, கட்டக்கோடுகளை ஒதுக்கிவைத்துத் தடத்தில் கிடக்கும். உண்மையான இடைஞ்சல் கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவதே அதன் உரு. பியானோ சுருளில் அதற்கு வரிசை கிடையாது. மிடியின் சுருதி வளைப்பைக் கொண்டு வரையலாம். ஆனால் பழைய மிடியில் அந்த வளைப்பு ஒரு அலைவரிசை முழுவதற்கும் பொது. ஒரு ஸ்வரத்தை அசைத்தால் கூட ஒலிப்பவையும் சேர்ந்து அசையும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனி அசைவு தரும் எம்பிஇ என்ற நீட்டிப்பு 2018ல்தான் பொதுத் தரமானது.

ஆட்டோ-ட்யூனும் இதே இடத்தில் தடுக்கும். திருத்தும் வேகத்தைக் கூட்டினால் கர்நாடகச் சாயல் கொண்ட சங்கதியின் அசைவுகளைத் தவறு என்று எண்ணி நேராக்கிவிடும். காது தேறிய பொறியாளர் அந்த இடங்களைத் தொடாமல் விட்டு, நின்றொலிக்கும் ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்துவார். நாகஸ்வரம், வீணை, சாரங்கி போன்றவற்றுக்கு எத்தனை ஒலித்தொகுப்புகள் விற்பனைக்கு வந்தாலும், முக்கியமான இடத்துக்கு ஆளை அழைத்து வாசிக்கவைப்பது இன்னும் நிற்கவில்லை.

கலந்ததைப் பிரிப்பது

நாடாக் காலத்தில் ஒன்றாகக் கலந்த தடங்களை மீண்டும் பிரிக்க முடியாது என்ற விதியும் 2019க்குப் பின் ஆட்டங்கண்டது. அவ்வாண்டு டீசர் நிறுவனம் ஸ்பிளீட்டர் என்ற திறமூல நிரலை வெளியிட்டது. பல்லாயிரம் பாடல்களில் பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்பு, முடிந்த பாட்டிலிருந்து குரல், டிரம், பேஸ் ஆகியவற்றைப் பிரித்தது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்ஸனின் குழு இதேபோன்ற முறையால் பீட்டில்ஸின் ஒற்றைத் தட ஒத்திகை நாடாக்களைப் பிரித்தது. ஜான் லென்னன் கேசட்டில் பியானோவோடு பாடி வைத்திருந்த குரல் தனியே எடுக்கப்பட்டு 2023ல் ‘நவ் அண்ட் தென்’ வெளிவந்தது. 2024ல் லாஜிக்கிலும் இவ்வசதி மெனுவில் ஒரு வரியாக வந்துவிட்டது.

கோப்புகளின் ஆயுள்

திருத்தங்கள் எல்லாம் குறிப்புகளாகவே இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குறிப்பைப் படிக்கும் மென்பொருள் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை. ஓப்கோட்டை 1998ல் கிப்ஸன் வாங்கியபின் ஸ்டுடியோ விஷன் நின்றுபோனது. அதில் வைத்திருந்த திட்டங்களைத் திறக்கப் பழைய கணினியைத் தேட வேண்டியிருந்தது. அதே கிப்ஸன் 2013ல் வாங்கிய கேக்வாக்கை 2017ல் நிறுத்தியது. சிங்கப்பூரின் பேண்ட்லேப் மறு ஆண்டு அதை மீட்டு இலவசமாக்கியதால் அந்தப் பயனர்கள் தப்பினார்கள். 2019ல் ஆப்பிள் இயங்குதளம் 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது எண்ணற்ற பழைய செருகுநிரல்கள் ஒரே நாளில் ஊமையாயின. ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறக்க, பிட்விக், ப்ரீசோனஸ் நிறுவனங்கள் 2023ல் டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை முன்வைத்தன. எல்லாரும் இன்னும் ஏற்கவில்லை.

இதனால் கவனமான கூடங்களில் ஒரு பழக்கம் நிலைத்திருக்கிறது. பாடல் முடிந்தபின் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் பூச்சிய விநாடியிலிருந்து இறுதி வரை உடையாத ஒரே அலைக்கோப்பாக எடுத்து வைப்பார்கள். செருகுநிரல்களின் விளைவோடு ஒரு பிரதி, விளைவு இல்லாமல் ஒரு பிரதி. கோப்பின் பெயரிலேயே வாத்தியம், தாளவேகம், சுருதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். இரண்டு வட்டுகளில் ஏற்றி, ஒன்று கூடத்திலும் மற்றது வேறிடத்திலும் வைக்கப்படும்.